கருங்குதிரையும் பறக்கும் இல்லத்தரசியும்

பெற்றோர் வைக்கும் பெயர் ஒன்று, ஊர் வைக்கும் பெயர் வேறொன்று. சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களுக்குப் போய்வரத் தொடங்கிய நாள் முதல் நான் கவனித்து வரும் விடயம் இது. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரைச் சொல்லி ஒரு பெண்ணைத் தேடினால் லயத்தில் பலருக்குத் தெரியாது. "நெட்டச்சி வீடு எது?" என்று கேட்டால் சிறுபிள்ளை கூட நம் கையைப் பிடித்து அழைத்துப் போகும்.

எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் றப்பர் பால் வெட்டும் இடங்களிலும், பலாங்கொடை, இறக்குவானைப் பக்கம் கொழுந்து நிறுக்கும் இடங்களிலும் இப்படி எத்தனையோ பெயர்களைக் கேட்டிருக்கிறேன். ஆண்களுக்கு வைக்கும் பெயர்கள் அநேகமாக அவர்கள் செய்த காரியத்தைப் பார்த்து வருகின்றன. பாம்பு பிடித்தவர், மரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர், தொழிற்சங்கத் தலைவரைப் போலப் பேசுகிறவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். பெண்களுக்கு வைக்கும் பெயர்களில் அதிகமானவை உடம்பைப் பார்த்து வருகின்றன. நெட்டச்சி, கட்டைச்சி, கறுப்பி. அதுவும் இல்லாவிட்டால் அவளுக்கு நேர்ந்த துன்பத்தைப் பார்த்து வருகின்றன. அவற்றை இங்கே எழுத மனமில்லை. உங்களுக்குத் தெரியும். எல்லோரையும் முந்திக்கொண்டு நிரையை முடிக்கிற ஒரு பெண்ணை "மின்னல்" என்று அழைத்ததை ஒரேயொரு தோட்டத்தில்தான் கேட்டேன்.

வடக்கிலே இதனைப் "பட்டம் தெளிக்கிறது" என்பார்கள். பாடசாலையில் தெளித்த பட்டம் கல்யாணம் கட்டிப் பேரப்பிள்ளை கண்ட பிறகும் கூடவே வரும்.

பட்டப்பெயர் தமிழருக்குப் புதிய சங்கதியும் அல்ல. சங்க காலப் புலவர் ஒருவருக்குச் செம்புலப்பெயனீரார் என்று பெயர். செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமையாக வைத்துப் பாடியதால் வந்த பெயர் அது. அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று இன்று யாருக்கும் தெரியாது. நச்செள்ளையார் என்ற பெண் புலவருக்குக் காகத்தைப் பாடியதால் காக்கைபாடினியார் என்று பெயர் வந்தது. அவர் நெட்டையா, கட்டையா, கறுப்பா, சிவப்பா என்று அந்தப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்ன செய்தார் என்று சொல்கிறது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் நம்மவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

ஓட்டப் போட்டிகளிலும் காரோட்டப் போட்டிகளிலும் பட்டப்பெயர்கள் மலிந்து கிடக்கின்றன. ஓடுகிறவர் நம் கண் முன்னால் சில செக்கன்களே இருக்கிறார். அதற்குள் பார்ப்பவர் கண்ணில் எது பட்டதோ அது பெயராகி விடுகிறது. அப்படியானால் பெண்கள் ஓடியபோது உலகத்தின் கண்ணில் பட்டது என்ன? இதைத் தேடிப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமது மாகாணத்திலேயே தொடங்கலாம்.

கேகாலையிலிருந்து ஒரு குதிரை

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் வீதியில், கேகாலை மாவட்டத்தில் வரக்காபொல இருக்கிறது. அதற்கு அருகில் உள்ள அத்னாவல கிராமத்தில் 1975ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பிறந்தவர் சுசந்திகா ஜயசிங்க. வசதியில்லாத குடும்பம். பயிற்சி பெற ஒழுங்கான மைதானமோ, ஓடுவதற்கான சப்பாத்தோ எளிதில் கிடைக்காத நிலைமை. 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீற்றரில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1997இல் ஏதென்ஸ் நகரில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில் அதே தூரத்தில் மீண்டும் வெள்ளி. புகழ்பெற்ற ஜமெய்க்கா வீராங்கனை மெர்லின் ஓட்டியை அன்று ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கால் பின்தள்ளினார்.

அந்தக் காலத்தில் அவருக்கு நிலைத்துவிட்ட பெயர் "ஆசியாவின் கருங்குதிரை". ஆங்கிலத்தில் அதைப் பெண் குதிரை என்றே குறிப்பிட்டு எழுதினார்கள்.

குதிரை வேகத்துக்காக வந்தது, சரி. கருமை எதற்காக வந்தது? கறுத்த தோலுள்ள ஆண்கள் எத்தனையோ பேர் நமது நாட்டுக்காக ஓடியிருக்கிறார்கள், பந்து வீசியிருக்கிறார்கள். அவர்களின் நிறம் பெயரில் ஏறவில்லை. மணமகள் தேவை விளம்பரங்களில் "சிவந்த நிறம்" என்று இன்றும் அச்சிடுகிற நாடு இது. பெண்ணைப் பார்த்தவுடன் முதலில் நிறத்தைப் பார்க்கிற கண்ணிலிருந்து பிறந்த பெயர் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பெயர் வைத்தவர்கள் நினைத்த இடத்தில் அது நிற்கவில்லை.

2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி சிட்னி ஒலிம்பிக் போட்டியில் 200 மீற்றர் இறுதி ஓட்டம் நடந்தது. சுசந்திகா 22.28 செக்கன்களில் ஓடி மூன்றாவதாக வந்தார். இலங்கைக்கு அதற்கு முன் கிடைத்த ஒரேயொரு ஒலிம்பிக் பதக்கம் 1948இல் டங்கன் வைட் தடைதாண்டி ஓட்டத்தில் பெற்ற வெள்ளி. 52 வருடங்களுக்குப் பிறகு இரண்டாவது பதக்கம் வந்தது, ஒரு பெண்ணால் வந்தது. சிட்னியில் முதலாவதாக வந்த அமெரிக்க வீராங்கனை மரியன் ஜோன்ஸ் தாம் ஊக்கமருந்து பாவித்ததை 2007இல் ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார். அதனால் 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. இரண்டாவதாக வந்திருந்த பஹாமாஸ் வீராங்கனைக்குத் தங்கம் போனது. அவருக்கும் சுசந்திகாவுக்கும் இடையில் இருந்ததும் செக்கனின் நூறில் ஒரு பங்குதான்.

இடையில் அவர் பட்டது கொஞ்சமல்ல. 1998இல் அவர் மீதே ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு வந்தது. பிறகு விடுவிக்கப்பட்டார். தமக்கு நேர்ந்த தொல்லைகளைப் பகிரங்கமாகப் பேசினார். இந்த நாட்டில் அப்படிப் பேசுகிற பெண்ணுக்கு வேறு என்னென்ன பெயர்கள் வைப்பார்கள் என்பது நாம் அறிந்ததே. 2017இல் பணக் கஷ்டத்தினால் அந்தப் பதக்கத்தையே விற்கப் போவதாகச் சொன்னார். பட்டப்பெயர் சோறு போடுவதில்லை.

கேகாலை மாவட்டத் தோட்டப் பாடசாலை ஒன்றின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒருமுறை போயிருந்தேன். வகுப்பிலே "கறுப்பி" என்று பட்டம் தெளிக்கப்பட்ட ஒரு பிள்ளை 100 மீற்றரில் முதலாவதாக ஓடி வந்தாள். ஒலிவாங்கியைப் பிடித்திருந்த ஆசிரியர் "இதோ நம்ம சுசந்திகா!" என்று கத்தினார். அதே நிறத்தைத்தான் அவரும் பார்த்தார். ஆனால் அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டும். கேலியாக இருந்த ஒரு விடயம் ஒரே நிமிடத்தில் பரிசாக மாறியது. முன்னால் ஒருத்தி ஓடிக் காட்டியிருந்ததால்தான் அது முடிந்தது.

ஊரைச் சுமந்து ஓடிய ரயில்கள்

இந்தியாவில் ஓட்டக்காரிகளுக்கு ரயில் பெயர் வைப்பது வழக்கம். கேரளத்தின் பையோலியைச் சேர்ந்த பி. ரி. உஷாவுக்குப் "பையோலி எக்ஸ்பிரஸ்" என்று பெயர். 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் செக்கனின் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் பதக்கத்தை இழந்து நான்காவதாக வந்தார். மறுபடியும் அந்த நூறில் ஒரு பங்கு! 1986 சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். அசாம் மாநிலத்தில் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஹிமா தாஸ் 2018இல் இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியில் 400 மீற்றரில் தங்கம் வென்றபோது, அவருடைய ஊரை வைத்துத் "திங் எக்ஸ்பிரஸ்" என்றார்கள். அந்த ஊரில் எக்ஸ்பிரஸ் ரயில் நிற்குமோ என்னவோ, ஊரின் பெயர் நாடெங்கும் போய்ச் சேர்ந்தது.

இதே வகையில் எனக்கு மிகவும் பிடித்த பெயர் அவுஸ்திரேலியாவில் உள்ளது. லித்கோ என்பது நிலக்கரி தோண்டும் ஊர். அங்கே வளர்ந்த மார்ஜரி ஜக்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 100, 200 மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்றார். அவருக்கு "லித்கோ மின்னல்" என்று பெயர். பின்னாளில், 2001 முதல் 2007 வரை, தென் அவுஸ்திரேலிய மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தார். மேலே நான் சொன்ன தோட்டத்து மின்னலின் ஞாபகம் வருகிறதல்லவா?

இந்தப் பெயர்களில் உடம்பு இல்லை. ஊரும் வேகமும் மட்டுமே இருக்கின்றன. தோட்டத்திலிருந்து வெளியே படிக்கப் போகும் நமது பிள்ளைகள் பலர் ஊர் எது என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் பக்கத்து நகரத்தின் பெயரைச் சொல்லித் தப்பிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சொன்னால் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்கு அனுபவம் இருக்கிறது. ஒரு பிள்ளை தோட்டத்தின் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு ஓடுகிற நாளை நான் காண விரும்புகிறேன்.

இரண்டு பிள்ளைகளின் தாய்

1948இல் லண்டனில் ஒலிம்பிக் நடந்தது. இரண்டாம் உலகப் போரினால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடக்கவில்லை. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஃபன்னி பிளாங்கர்ஸ் கோன் என்ற வீராங்கனையின் நல்ல வயது முழுவதும் அந்த இடைவெளியில் போய்விட்டது. அவருடைய நாட்டை ஜேர்மன் படைகள் பிடித்திருந்தன. ஆக்கிரமிப்பு, பஞ்சம், பயம். அதற்குள்ளும் அவர் பயிற்சியை விடவில்லை. 1943இல் உயரம் பாய்தலில் உலக சாதனை கூடச் செய்தார். போர் முடிந்து லண்டனுக்கு வந்தபோது அவருக்கு வயது 30. இரண்டு பிள்ளைகள்.

வயது போய்விட்டது என்று பத்திரிகையில் எழுதினார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு அரைக்காற்சட்டையுடன் ஓடுவதா என்று கண்டித்துக் கடிதங்கள் வந்தன. அவர் நான்கு போட்டிகளில் ஓடினார். 100 மீற்றர், 200 மீற்றர், 80 மீற்றர் தடைதாண்டல், அஞ்சலோட்டம். நான்கிலும் தங்கம். இடையில் ஒரு கட்டத்தில், பிள்ளைகளின் நினைவு தாங்காமல், போதும், வீட்டுக்குப் போகிறேன் என்று அழுதாராம். பயிற்சியாளரான கணவர் தேற்றி ஓட வைத்தார்.

உலகம் அவருக்குப் "பறக்கும் இல்லத்தரசி" என்று பெயர் வைத்தது.

இந்தப் பெயரைப் பற்றி எனக்கு இரண்டு மனம். நான்கு தங்கம் வென்ற பிறகும் இல்லத்தரசிதானா? அதே போட்டியில் வென்ற ஆண்களை யாராவது "பறக்கும் குடும்பத் தலைவர்" என்று எழுதினார்களா? மறுபக்கம், கைக்குழந்தையோடு இருந்த எத்தனையோ பெண்கள் அந்தப் பெயரைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, நம்மைப் போன்ற ஒருத்திதான் ஓடியிருக்கிறாள் என்று எண்ணியிருப்பார்கள். அவர் ஊர் திரும்பியபோது அயலவர்கள் ஒரு சைக்கிளைப் பரிசாகக் கொடுத்தார்கள், இனி இவ்வளவு ஓட வேண்டாம் என்று. அயலவரின் இந்தக் குறும்பை என்னால் ரசிக்க முடிகிறது. 1999இல் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் அவரை நூற்றாண்டின் சிறந்த வீராங்கனையாகத் தெரிவு செய்தது. இல்லத்தரசி என்ற சொல் அந்தப் பட்டத்தில் இல்லை.

அமெரிக்காவின் வில்மா ருடொல்ஃபுக்கு வெவ்வேறு நாட்டவர் வெவ்வேறு பெயர் வைத்தார்கள். 22 பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் 20ஆவது பிள்ளை. சிறு வயதில் போலியோ வந்து காலில் இரும்புப் பட்டி போட்டு நடந்தவர். பாடசாலையில் கூடைப்பந்துப் பயிற்சியாளர் அவரைக் "கொசு" என்று அழைத்தார். எப்போதும் சுற்றிச் சுற்றி வந்து தொல்லை கொடுத்ததால் அந்தப் பெயர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றதும் இத்தாலியர் "கறுப்பு மான்" என்றார்கள். இங்கேயும் கறுப்பு வந்து ஒட்டிக்கொண்டது பாருங்கள். ஆனால் வில்மா தம் ஊருக்குத் திரும்பியபோது செய்ததுதான் பெரிது. வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியாக நிற்கும் வரவேற்பு என்றால் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த ஊரில் இரு இனத்தாரும் ஒன்றாகக் கூடிய முதலாவது நிகழ்ச்சி அந்த வரவேற்புத்தான்.

எதிரி வைத்த பெயர்

போரிலே உறவுகளை இழந்தவர்கள் அறிய வேண்டிய கதை ஒன்று உண்டு. மில்கா சிங் இன்றைய பாகிஸ்தானில் பிறந்தவர். 1947இல் நாடு பிரிந்தபோது நடந்த கொலைகளில் தாய், தந்தையைப் பறிகொடுத்தார். அகதியாக டில்லிக்கு வந்து முகாமில் கிடந்தார். இராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கினார். 1960இல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் ஒரு போட்டிக்கு அழைப்பு வந்தது. தாய், தந்தை செத்த மண்ணுக்குப் போகமாட்டேன் என்று மறுத்தார். பிரதமர் நேரு பேசிச் சம்மதிக்க வைத்தார்.

அங்கே அவர் ஓடியது அப்துல் காலிக் என்ற பாகிஸ்தான் வீரரை எதிர்த்து. மில்கா வென்றார். பதக்கம் அணிவித்த பாகிஸ்தான் ஜனாதிபதி அயூப் கான், நீங்கள் ஓடவில்லை, பறந்தீர்கள் என்று பாராட்டினார். "பறக்கும் சீக்கியர்" என்ற பெயர் அன்று பிறந்தது. 2021இல் அவர் இறக்கும் வரை, இறந்த பின்னரும், அதுவே அவருடைய பெயர். தோற்ற அப்துல் காலிக்குக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. "ஆசியாவின் பறக்கும் பறவை." அதை 1950களில் வைத்தவர் இந்தியப் பிரதமர் நேரு.

இரு நாட்டவரும் ஒருவரை ஒருவர் என்னென்ன பெயர் சொல்லித் திட்டினார்கள் என்பது வேறு கதை. ஓட்டக்காரர்களுக்கு மட்டும் எதிர்ப்பக்கத்திலிருந்து நல்ல பெயர் வந்தது.

நம்மவர்களில் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தனை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1971இல் பாக்குநீரிணையை ஒரே மூச்சில் போய்த் திரும்பி, 51 மணித்தியாலம் நீந்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் நீத்தார். "ஆழிக்குமரன்" என்ற பெயரைக் கேட்டால் இன்றும் வடக்கில் வயதானவர்களின் முகம் மலரும். காக்கைபாடினியார் போல, செய்த காரியத்திலிருந்து வந்த பெயர்.

காரிலே எழுதப்பட்ட பெயர்

நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை தேயிலைத் தோட்டத்துப் பாதையில் 1930களிலேயே காரோட்டப் போட்டி தொடங்கிவிட்டது. கொழுந்து சுமந்து நடக்கிற பாதை பந்தயப் பாதையானது. உலகத்தில் பெரிய அளவில் கார் ஓட்டுகிற சாரதிகளுக்கு வைக்கும் பட்டப்பெயர்கள் பெரும்பாலும் குணத்தைப் பார்த்து வருகின்றன. ஒவ்வொரு வளைவையும் கணக்குப் போட்டு ஓட்டியதால் பிரான்ஸ் நாட்டு அலைன் புரொஸ்ட் "பேராசிரியர்" ஆனார். ஃபின்லாந்து நாட்டுக் கிமி ரைக்கொனென் முதலாவது பெரிய போட்டி தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது தூங்கிக்கொண்டிருந்தவர். பதற்றம் என்பதே கிடையாது. அவருடைய குழுவின் தலைவர் "பனி மனிதன்" என்றார். அவர் அதைக் கையிலே பச்சை குத்திக்கொண்டார். ஒஸ்திரியாவின் நிக்கி லௌடாவுக்கு முன்பற்கள் நீண்டிருந்ததால் "எலி" என்று கேலிப்பெயர். 1976இல் காருக்குள் தீப்பற்றி முகம் வெந்து, சாவின் வாசல் வரை போய், ஆறே வாரத்தில் திரும்பி வந்து ஓட்டினார். மறுவருடம் உலக சம்பியன். அதற்குப் பிறகும் எலி என்றார்கள், ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

பெண் சாரதிகள் மிகச் சிலர். இத்தாலியின் லெல்லா லொம்பார்டி தகப்பனின் இறைச்சிக் கடை வானை ஓட்டிப் பழகியவர். 1975இல் ஸ்பெயினில் நடந்த போட்டி விபத்தினால் பாதியில் நிறுத்தப்பட்டபோது ஆறாவது இடத்தில் இருந்ததால் அவருக்கு அரைப் புள்ளி கிடைத்தது. உலக சம்பியன் பட்டத்துக்கான அந்தப் போட்டிகளில் புள்ளி பெற்ற ஒரே பெண் இன்று வரை அவர்தான். "டூரின் நகரத்துப் பெண்புலி" என்றார்கள்.

அமெரிக்காவில் நேர்ப்பாதைக் காரோட்டத்தில் ஷேர்லி மல்டௌனி என்ற பெண் இருந்தார். தொடக்க காலத்தில் ஒரு நாள் யாரோ சப்பாத்துப் பொலிஷால் அவருடைய காரின் பக்கத்தில் "சா சா" என்று எழுதிவிட்டார்கள். அது ஒரு நடனத்தின் பெயர். ஆட்டக்காரி என்பது போன்ற ஒரு தொனி. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. விளம்பரத்துக்கும் உதவியது. சில வருடங்களில் அவருக்கு அது கசந்துவிட்டது. நான் ஆடவரவில்லை, ஓட்ட வந்தேன் என்ற நிலையில் அந்தப் பெயரைத் தூக்கி எறிந்தார். 1977, 1980, 1982 ஆகிய மூன்று வருடங்களிலும், ஆண்கள் மட்டுமே வென்றிருந்த சம்பியன் பட்டத்தை வென்றார்.

எத்தனையோ பெயர்களைத் தேடிப் படித்ததில் இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றேன். பட்டப்பெயரைக் கழற்றி வைக்கலாம் என்று நமது பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

நம்மேல் எழுதப்பட்டவை

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இதற்கு முத்திரையிடல் என்று ஒரு பாடம் இருந்தது. ஒருவருக்கு ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மற்றவர்கள் அந்தப் பெயரைத்தான் பார்ப்பார்கள், கடைசியில் அவரும் தம்மை அப்படியே பார்க்கத் தொடங்குவார் என்பது அதன் சாரம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். தோட்டங்களுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

ஏனென்றால் மலையக மக்கள் முழுப்பேர் மீதும் பட்டப்பெயர் எழுதப்பட்டிருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டவர்களைக் "கள்ளத்தோணி" என்றார்கள். இந்த நாட்டில் றப்பரும் தேயிலையும் வளர்த்த கைகளுக்கு வைத்த பெயர் அது. "தோட்டக்காட்டான்" என்ற பெயரைச் சொன்னவர்கள் தமிழ் பேசுகிறவர்களே. 1977, 1981, 1983 வன்செயல்களின்போது இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறின. அங்கேயும் அந்தப் பெயர் அவர்களுக்கு முன்னால் போய் நின்றது. பிறகு போர் வந்தது. பிறகு "அகதி" என்ற பெயர். நலன்புரி நிலையத்தில் இலக்கம். போர் 2009இல் முடிந்த பின்னர் "விதவை", "காணாமற் போனவரின் மனைவி", "முன்னாள்" என்று தொடங்கும் இன்னும் சில.

இவற்றில் சில விண்ணப்பப் படிவங்களில் தேவைப்படுகின்றன என்பது எனக்குத் தெரியும். உதவி பெற அந்தக் கட்டத்தில் அடையாளமிட்டே ஆக வேண்டும். நானும் எத்தனையோ படிவங்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் படிவத்தை மடித்து வைத்த பிறகும் அந்தப் பெயரால் ஒருவரைக் கூப்பிடுவது வேறு. கூட்டங்களில் "விதவைகள் எல்லோரும் இந்தப் பக்கம் வாருங்கள்" என்று அழைக்கிற வழக்கத்தை நமது நிறுவனங்களாவது விட்டுவிடலாம். வரிசைக்கு ஒரு பூவின் பெயரோ, எண்ணோ போதும்.

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருநாள் சுசந்திகாவின் கதையையும், காரில் எழுதிய பெயரை எறிந்த அந்த அமெரிக்கப் பெண்ணின் கதையையும் சொன்னேன். பிறகு வட்டமாக உட்கார்ந்து, உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். முதலில் சிரிப்பு. "என்னைக் கட்டைச்சின்னே கூப்புடுங்க, பழகிப்போச்சு" என்றார் ஒருவர். அவருக்கு அந்தப் பெயரில் வருத்தம் ஏதும் இல்லை. அந்தப் பெயரை வைத்தவர் காலமான அவரது அக்கா. வேண்டாம் என்று நாம் சொல்ல யார்?

மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் கடைசியில் வாய் திறந்தார். தோட்டத்தில் பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் வன்னிக்குப் போய், அங்கே திருமணம் செய்து, போரில் எல்லாவற்றையும் இழந்து, இரண்டு பிள்ளைகளோடு மாமன் வீட்டுக்குத் திரும்பி வந்தவர். "அங்கன இருக்கும்போது எங்கள தோட்டத்துக்காரின்னாங்க. இங்க வந்தா வன்னிக்காரிங்கிறாங்க. எனக்கு ரெண்டு ஊர் இருந்தும் பேரு இல்ல" என்றார். பக்கத்து லயத்தில் இரண்டு வருடமாக இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அவர் பெயரைச் சொன்னார். அழகான பெயர். இங்கே எழுத அவரிடம் அனுமதி கேட்டேன், வேண்டாம் என்றார். கூட்டம் முடிந்து தேநீர் ஊற்றும்போது, கட்டைச்சி என்று தம்மை அழைக்கச் சொன்ன அந்த அம்மாதான் முதல் கோப்பையை எடுத்து, அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு, "இந்தாம்மா, சீனி போதுமா பாரு" என்று நீட்டினார்.